நூலின்றி எழுதும் தாள்

இயற்பியலைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று சங்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நான் கும்பகோணத்தில் வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றவன். போட்டித் தேர்வு எழுதித் தில்லிக்கு வந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மத்திய அரசின் கணக்கு அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியல்களோடும் ஓய்வூதியக் கோப்புகளோடும் வாழ்ந்து வருபவன். நியூட்டனுக்கும் எனக்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது. ஆயினும் இயற்பியல் படிக்கும் பிள்ளையைப் பெற்றவனை அந்த உறவு வேறு வழியாக வந்து பிடித்துக்கொள்கிறது. நூலில் உள்ளது ஒரு வரியும் விளங்காவிட்டாலும், எந்த நூலை எப்போது கையில் எடுப்பது என்ற கேள்வி வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் தகப்பன் உட்கார வைக்கப்படுகிறான்.

கேள்வி இதுதான். முனைவர் பட்டப் படிப்புக்குச் செல்ல விரும்பும் மாணவர், அங்கே போவதற்கு முன்பே ஆய்வு மாணவர்களுக்குரிய மேல்நிலைப் பாடங்களில் போய் அமர்வது நல்லதா? அல்லது தம் நிலைக்குரிய இளநிலைப் பாடங்களையே முழுமையாகக் கற்று முடிப்பது நல்லதா? சொல்லும்போது இது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் இருபது வயதுப் பிள்ளையின் அடுத்த ஆறேழு ஆண்டுகள் இந்த முடிவைச் சுற்றி அமைகின்றன. நம்மில் பலர், ‘பெரிய பாடமாக எடு’ என்று சொல்வதையே ஊக்கம் என்று கருதுகிறோம். அந்த ஊக்கத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் மகள் 2021-ஆம் ஆண்டில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த அறிவியல் படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். முதல் இரண்டு ஆண்டுகள் எல்லா அறிவியல்களும் பொது. மூன்றாம் ஆண்டில் இயற்பியல் மட்டும். நான்காம் ஆண்டில் விருப்பப் பாடங்கள். ஐந்தாம் ஆண்டு முழுவதும் ஆய்வேடு. 2024-ஆம் ஆண்டு மே மாதம், தில்லியின் வெயில் உச்சத்தில் இருந்தபோது, நான்காம் ஆண்டுப் பாடங்களைக் குறிக்க வேண்டிய படிவத்தோடு விடுமுறைக்கு வந்தாள். நான்கு இடங்களில் மூன்று நிரம்பியிருந்தன. நான்காவது இடத்துக்கு இரண்டு பாடங்கள் போட்டியிட்டன. ஒன்று, முனைவர் பட்ட மாணவர்களோடு அமர்ந்து கற்கும் குவாண்டம் புலக் கோட்பாடு. மற்றொன்று, அவளுடைய வகுப்பினருக்கு உரிய புள்ளியியல் இயக்கவியல். இரண்டாவதை வெப்ப இயக்கவியலோடு சேர்த்து அரைப் பாடமாக முந்திய ஆண்டில் கற்றிருந்தாள்; இப்போது முழுப் பாடமாகக் கற்கலாம். பாடச் சுமைக்கு வரம்பு இருந்ததால் இரண்டையும் எடுக்க வழியில்லை.

முதற்பாடத்தை நடத்துபவர் ஓராண்டு விட்டு ஓராண்டே அதை நடத்துவார். ஆகவே இப்போது விட்டால் பின்னர் வாய்ப்பில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் பரிந்துரைக் கடிதங்களில் அவருடைய கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பது மாணவர்களின் பேச்சு. அவளோடு நெருங்கிப் பழகிய எண்மரில் அறுவர் ஏற்கெனவே அதில் பெயர் கொடுத்துவிட்டனர். “அவர்களெல்லாம் மேலே போகும்போது நான் மட்டும் கீழ்ப்படியில் நிற்பதா அப்பா?” என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இளநிலைப் பாடத்துக்கும் மேல்நிலைப் பாடத்துக்கும் என்ன வேறுபாடு என்பதை முதலில் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் அறிந்த அளவில் சொல்கிறேன். பல துறைகளில் இரண்டு நிலைகளிலும் கற்பிக்கப்படும் பொருள் ஒன்றே. மின்னியக்கவியலில் இரு வகுப்பினருக்கும் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் நான்குதான். ஐந்தாவது ஒன்றை மேல்வகுப்பினருக்காக யாரும் ஒளித்து வைக்கவில்லை. 1981-இல் முதற்பதிப்பு கண்ட டேவிட் கிரிஃபித்ஸின் நூல் இளநிலையினருக்கு உரியது. அது மாணவனின் கையைப் பிடித்து நடத்திச் செல்லும். 1962-இல் வெளிவந்த ஜான் டேவிட் ஜாக்சனின் நூல் மேல்நிலையினருக்கு உரியது; கணிதக் கருவிகள் எல்லாம் மாணவனிடம் ஆயத்தமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு அது தன் போக்கில் நடந்துவிடும். தலைமுறை தலைமுறையாக அந்நூலின் பயிற்சிக் கணக்குகளை எண்ணி மாணவர்கள் அஞ்சுகிறார்களாம்.

குவாண்டம் இயக்கவியலிலும் இதே நிலை. கிரிஃபித்ஸின் இளநிலை நூல் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் தொடங்குகிறது. ஜே. ஜே. சக்குராய் 1982-இல் மறைந்தபின் 1985-இல் வெளிவந்த அவருடைய மேல்நிலை நூல், 1922-இல் ஷ்டெர்ன், கெர்லாக் என்னும் இருவர் செய்த சோதனையில் தொடங்குகிறது. வெள்ளி அணுக்களின் கற்றை ஒன்று காந்தப்புலத்தைக் கடக்கும்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது, நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒரு வியப்பிலிருந்து முழுக் கோட்பாட்டையும் கட்டி எழுப்புகிறார் ஆசிரியர். இரண்டும் ஒரே ஊருக்குப் போகும் பாதைகள்தாம். ஆனால் இரண்டாவது பாதையில் நடப்பவன் முதற்பாதையில் ஒருமுறை நடந்து பழகியவனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. குவாண்டம் புலக் கோட்பாடோ இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது. அதைத் தொடுவதற்குச் செவ்வியல் இயக்கவியல், மின்னியக்கவியல், சிறப்புச் சார்பியல், குவாண்டம் இயக்கவியல் ஆகியவை கைவசம் இருக்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் முனைவர் படிப்புக்குச் சேர்பவர் முதல் ஓராண்டோ ஈராண்டோ வகுப்பில் அமர்ந்தே படிக்கிறார். அங்கே பெரும்பாலும் கற்பிக்கப்படுவன செவ்வியல் இயக்கவியல், மின்னியக்கவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் ஆகியவையே. பல இடங்களில் இவற்றின்மீது தகுதித் தேர்வும் உண்டு. எனவே முன்கூட்டியே மேல்நிலைப் பாடம் படித்தவர் அதே பாடத்தை அங்கே மீண்டும் படிக்க நேரலாம். சில பல்கலைக்கழகங்கள் விலக்கு அளிக்கின்றன, சில அளிப்பதில்லை. இதை அறிந்தபோது என் கணக்கர் புத்தி விழித்துக்கொண்டது. இருமுறை செலுத்தவேண்டிய தொகையை முதன்முறை ஏன் செலுத்துகிறோம் என்று கேட்டேன்.

அதற்கு அவளிடம் நல்ல விடைகள் இருந்தன. மேல்நிலைப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றால், ‘இவள் எங்கள் முதலாண்டுப் பாடத்தைத் தாங்குவாள்’ என்பதற்குச் சேர்க்கைக் குழுவினர் கையில் சான்று இருக்கும். பேராசிரியர் கடிதம் எழுதும்போது அவளைத் தன் வகுப்புத் தோழர்களோடு ஒப்பிடாமல் முனைவர் மாணவர்களோடு ஒப்பிட்டு எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு ஆண்டுகளைத் தரவிருக்கும் துறை தனக்குப் பிடிக்கிறதா என்பது போவதற்கு முன்பே தெரிந்துவிடும். இவை மூன்றும் தள்ளத்தக்க காரணங்கள் அல்ல. நான் வாயை மூடிக்கொண்டேன்.

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிறுதோறும் வரும் பெரியவர் ஒருவர் உண்டு. கே. எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மகளை அவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பாடங்களின் பெயரைக் கேட்டார். பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிக் கேட்டார். பின்னர், “நீ எந்தெந்தத் தேர்வுகள் எழுதப்போகிறாய் அம்மா?” என்றார்.

அவள் சொன்னாள். உள்நாட்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேர்வு, சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் உள்ளிட்டவை ஏற்கும் கூட்டு நுழைவுத் தேர்வு. வெளிநாட்டுக்கு வேண்டுமானால் ஜி.ஆர்.இ. இயற்பியல் தேர்வு. பெரியவர் தாளில் எழுதிக் காட்டினார். ஜி.ஆர்.இ. இயற்பியலில் செவ்வியல் இயக்கவியலுக்கு 20 விழுக்காடு; மின்காந்தவியலுக்கு 18; குவாண்டம் இயக்கவியலுக்கு 12; வெப்ப இயக்கவியலும் புள்ளியியல் இயக்கவியலும் சேர்ந்து 10; அணு இயற்பியலுக்கு 10; ஒளியியலுக்கும் அலைகளுக்கும் 9; சிறப்புச் சார்பியலுக்கு 6; ஆய்வக முறைகளுக்கு 6; எஞ்சிய 9 சிறப்புத் துறைகளுக்கு. வினாக்களில் பெரும்பாலானவை இளநிலைப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டவை. இப்போது பல பல்கலைக்கழகங்கள் அத்தேர்வைக் கட்டாயமாகக் கேட்பதில்லை என்பது உண்மையே. ஆனால் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பதும் இதே தளத்துக் கேள்விகள்தாம் என்றார் அவர். “ஊசலைப் பற்றிக் கேட்பார்கள், வாயுவைப் பற்றிக் கேட்பார்கள். கரும்பலகைக்கு முன்னால் சுண்ணக்கட்டியோடு நிற்கும்போது பாடப் பட்டியலில் உள்ள பெரிய பெயர் எதுவும் துணைக்கு வராது.”

பெரியவர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்தபின், இந்தக் கேள்வியை முன்பு எதிர்கொண்ட அறிஞர் யாரேனும் உண்டா என்று தேடிப் படித்தேன். இருவர் கிடைத்தனர்.

முதலாமவர் ராபர்ட் ஓப்பன்ஹைமர். 1922-இல் ஹார்வர்டில் சேர்ந்த அவர் வேதியியல் மாணவர். முதலாண்டு முடிந்ததும், தாம் படித்துள்ள நூல்களின் பட்டியலைக் கொடுத்து, இயற்பியலில் நேரடியாக மேல்நிலைப் பாடங்களை எடுக்க இசைவு கேட்டார். இசைவு கிடைத்தது. தொடக்கப் பாடங்களைத் தாண்டிச் சென்று, மூன்றே ஆண்டுகளில் மிகச் சிறந்த தகுதியோடு 1925-இல் பட்டம் பெற்றார். 1927-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னிடம் முனைவர் பட்டமும் பெற்றார். இந்த அளவில் பார்த்தால், தாண்டிப் போவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். ஆனால் பல ஆண்டுகள் கழித்து, 1963-இல், தம் மாணவப் பருவத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் வேறுவிதமாகப் பேசினார். தம் இயற்பியல் அறிவு அவசரமாகச் சேர்த்தது என்றும், இடையிடையே ஓட்டைகள் கொண்டது என்றும் கூறினார். புகை வளையம், மீள்தன்மைப் பொருளின் அதிர்வு போன்ற எளிய பொருள்களை நினைத்தாலே அந்த வயதிலும் தமக்குக் கலக்கம் வருவதாகவும், அங்கே இருப்பது ஓட்டையின்மீது போர்த்திய மெல்லிய தோலே என்றும் பொருள்படச் சொன்னார். உலகம் மேதை என்று கொண்டாடிய ஒருவருக்கு, அறுபதை நெருங்கும் வயதில், கற்காமல் தாண்டிய தொடக்கப் பாடம் நினைவில் உறுத்திக்கொண்டிருந்தது.

இரண்டாமவர் நம்மவர். 1910-இல் லாகூரில் பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் இரயில்வேத் தணிக்கைக் கணக்குத் துறை அதிகாரியாக அங்கே பணியில் இருந்தார். (கணக்குத் துறையின் பெயர் வரும் இடத்தில் எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டாவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.) சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது, அணு அமைப்பைப் பற்றிய ஆர்னால்டு சோமர்ஃபெல்டின் நூலைத் தாமே கற்றுத் தேர்ந்தார். 1928-இல் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். இளைஞர் அவரைத் தேடிச் சென்று கண்டார். நீ கற்றது பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது என்று அறிஞர் கூறினார். உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களைப் பற்றி அச்சுக்குச் சென்றிருந்த தம் கட்டுரையின் மெய்ப்புப் படிகளையும் கொடுத்தார். வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். சந்திரசேகர் அந்தப் படிகளை வைத்துக்கொண்டு ஃபெர்மி–டிராக் புள்ளியியலைக் கற்றார். மறு ஆண்டே அதைக் கையாண்டு அவர் எழுதிய கட்டுரை இலண்டன் இராயல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

1930-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறிய பத்தொன்பது வயது இளைஞர், அதே புள்ளியியலோடு சிறப்புச் சார்பியலைச் சேர்த்துக் கணக்கிட்டு, வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்னும் முடிவுக்கு வந்தார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று அறியப்படும் அந்த வரம்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரும் தம் வகுப்பைத் தாண்டிப் போனவரே. ஆனால் கால் ஊன்றியிருந்த படியை விட்டு அவர் எழும்பவில்லை. அதன்மீது உறுதியாக நின்று அடுத்த படியை எட்டினார். கல்லூரி கற்பித்ததை முழுதாக உள்வாங்கியவருக்குக் கல்லூரி கற்பிக்காத புதியது கைக்கு எட்டியது.

இவ்விரு வரலாறுகளையும் மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “சரி அப்பா, நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்றாள். இக்கேள்விக்குத்தான், இயற்பியல் அறியாத எனக்கும், என் அலுவலக வாழ்க்கை ஒரு விடை வைத்திருந்தது.

கணக்குத் துறையின் பதவி உயர்வுத் தேர்வுகளில் இருவகைத் தாள்கள் எங்களுக்குப் பழக்கம். ஒன்று நூல்களுடன் எழுதுவது. மற்றொன்று நூலின்றி எழுதுவது. முதல்வகைத் தாளில் விதி நூல்களை மேசையில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இரண்டாம் வகைத் தாளில் பேனாவும் நினைவும் மட்டுமே துணை. அடிப்படை விதி 22-ஐ எண் தவறாமல் மேற்கோள் காட்டுபவர் எங்கள் பிரிவில் பலர் உண்டு. ஆனால் பதவி உயர்வு பெற்ற ஒருவரின் சம்பளத்தை, நூலைத் திறக்காமல், ஒரு வெள்ளைத் தாளில் நிர்ணயித்து, ஏன் இந்தத் தொகை என்று அவருக்கே விளங்கச் சொல்லக்கூடியவர் சிலர்தாம். சிக்கலான கோப்பு வரும்போது அதிகாரி தேடுவது அந்தச் சிலரைத்தான்.

“நீயும் அப்படிச் செய்து பார் அம்மா. கீழ்ப்பாடத்தில் பத்துக் கணக்குகளை எடுத்து, நூலை மூடிவிட்டு, யாரையும் கேட்காமல் எழுது. பிறகு அவற்றில் ஒன்றை எனக்கு விளக்கு” என்றேன்.

அவள் மூன்று நாட்கள் அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். செவ்வியல் இயக்கவியலில் பத்தில் எட்டு. குவாண்டம் இயக்கவியலில் ஏழு. புள்ளியியல் இயக்கவியலில் நான்கு. அந்த நான்கில் ஒன்றை எனக்கு விளக்க முற்பட்டாள்.

செய்தி இதுதான். ஓர் உலோகத்தில் எலக்ட்ரான்கள் கட்டின்றி உலவுகின்றன. பழைய கொள்கைப்படி, உலோகத்தைச் சூடாக்கும்போது ஒவ்வோர் எலக்ட்ரானும் தன் பங்குக்கு வெப்பத்தை ஏற்க வேண்டும். ஆனால் சோதனையில், அறை வெப்பநிலையில், செம்பு போன்ற உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஏற்பது எதிர்பார்த்ததில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஏன்? வாய்பாட்டை அவள் பிழையில்லாமல் எழுதிவிட்டாள். தொகையீட்டையும் முடித்துவிட்டாள். “அது சரி, ஏன் அப்படி?” என்று நான் கேட்டேன். பேனா நின்றுவிட்டது. “கணக்கு அப்படித்தான் வருகிறது அப்பா” என்றாள். சொன்னவுடனே அவள் முகம் மாறியதைக் கண்டேன்.

அன்றிரவு நெடுநேரம் அவள் அறையில் விளக்கு எரிந்தது. மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில் வந்து, “உங்கள் அலுவலகத்தை வைத்துச் சொல்கிறேன், கேளுங்கள்” என்றாள். “ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர்தான் அமரலாம். கீழிருந்து மேல்வரை நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. காலியிடங்கள் உச்சியில் மட்டுமே. வெப்பம் என்பது எல்லாருக்கும் ஒரு சிறு பதவி உயர்வு கொடுக்கும் ஆணை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவருக்கு ஆணை வந்து என்ன பயன்? அடுத்த நாற்காலியில் ஆள் இருக்கிறாரே! உச்சிக்கு அருகில் உள்ள சிலரால் மட்டுமே நகர முடியும். அதனால்தான் உலோகத்தில் அத்தனை எலக்ட்ரான்கள் இருந்தும் வெப்பத்தை ஏற்பவை மிகச் சில.”

முதுநிலைப் பட்டியலில் நெடுங்காலம் நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் இயற்பியல் கற்பிக்க முடியாது. சோமர்ஃபெல்டு 1928-இல் சென்னையில் அந்த இளைஞர் கையில் கொடுத்த மெய்ப்புப் படிகளில் இருந்த கருத்தும் ஏறக்குறைய இதுவே என்று மகள் பின்னர் சொன்னாள். கீழ்ப்பாடம் என்று நாங்கள் எண்ணியிருந்ததற்குள் இவ்வளவு இருந்தது.

அன்று மாலையே படிவத்தில் புள்ளியியல் இயக்கவியலைக் குறித்தாள். புலக் கோட்பாட்டை அவள் முற்றிலும் விட்டுவிடவில்லை. மதிப்பெண் இன்றி வகுப்பில் அமர்ந்து கேட்க வழி உண்டு என்றும், அதற்கு ‘ஆடிட்’ என்று பெயர் என்றும் சொன்னாள். எங்கள் அலுவலகத்தில் அச்சொல்லைக் கேட்டால் அலமாரிகள் நடுங்கும். அங்கே அது கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பதாம்.

இதனால் இழப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. இடைப்பருவத் தேர்வு நெருங்கியபோது சுமை தாங்காமல் அந்தக் கடைசி வரிசையையும் அவள் விட்டுவிட வேண்டியதாயிற்று. அந்தப் பேராசிரியரின் கடிதம் அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை. அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த ஏக்கத்தை நான் மறக்கவில்லை. அவளோடு படித்தவர்களில் ஒருவன் புலக் கோட்பாட்டில் முனைவர் மாணவர்களையும் மிஞ்சி முதலில் வந்தான். அவனுக்கு அந்தப் பாடமே பொருத்தம்; புள்ளியியல் இயக்கவியலை முந்திய கோடையிலேயே தானாகக் கற்று முடித்திருந்தான். வேறொரு மாணவி தட்டுத் தடுமாறித் தேறினாள். இயற்பியல் தனக்கு வராது என்ற முடிவோடு வெளியே வந்தாள். அவளுக்கு வராதது இயற்பியல் அன்று. அந்தப் பருவத்தில் அந்தப் பாடம் மட்டுமே என்பதை யாரேனும் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

என் மகள் நான்காம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் மேல்நிலைப் பாடம் ஒன்றை எடுத்தாள். செறிபொருள் இயற்பியல், உடன் அமர்ந்தவர்கள் முனைவர் மாணவர்கள். இம்முறை அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. அதற்கு அடிப்படையான கணக்குகளை நூலை மூடிக்கொண்டு எழுதிப் பார்த்துவிட்டே பெயர் கொடுத்தாள். அந்த வகுப்பில் நடுவரிசை மதிப்பெண்தான். ஆனால் அதை நடத்தியவர் தம்மிடமே ஆய்வேடு எழுத அழைத்தார். இப்போது ஐந்தாம் ஆண்டில் அந்த ஆய்வையும் விண்ணப்பங்களையும் ஒருசேர எழுதிக்கொண்டிருக்கிறாள். இடம் எங்கே கிடைக்கும், கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். உள்நாட்டில் கிடைத்தாலும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023-ஆம் ஆண்டு முதல் மாதம் 37,000 ரூபாய். தகப்பனின் சேமநிதியைத் தொடாமல் அவள் படிக்க அது போதும்.

சங்கத்துக் குடும்பங்களில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பாடத்தின் பெயரைப் பார்த்துப் பிள்ளையை மேலே ஏற்றவும் வேண்டாம். அச்சத்தால் கீழே நிறுத்தவும் வேண்டாம். மேல்நிலைப் பாடம் நல்லது. அதற்கு முந்திய பாடத்தை நூலின்றி எழுதக்கூடியவருக்கு அது மிக நல்லது. எழுத முடியாதவருக்கு, அதே நேரத்தையும் அதே உழைப்பையும் கீழ்ப்பாடத்தில் இடுவதே மேலே செல்லும் வழி. ஒரே மாணவருக்கு ஒரு துறையில் மேல்நிலையும் மற்றொரு துறையில் இளநிலையும் பொருந்தலாம். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் உழவர் சொன்னது ஏருக்கு மட்டும் உரியதன்று.

பெற்றோர் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை ஒரு கணக்கை முடித்துவிட்டு நிமிரும்போது, பக்கத்தில் இருந்து, “ஏன் அப்படி?” என்று ஒருமுறை கேட்டால் போதும். விடை வந்தால் அடுத்த படிக்குப் போகட்டும். பேனா நின்றுவிட்டால் இன்னும் ஒரு பருவம் அங்கேயே இருக்கட்டும். வரலாற்றுப் பட்டதாரிக்கும் எட்டும் கேள்விதான் அது.